உறுமுற நாயோட வாயை அடைக்காதீங்க

மறுபடியும் ஒரு போன். இந்த வாட்டி திருப்பூர்ல இருந்து, தூரத்துச் சொந்தத்துல ஒரு மாப்பிள்ளை. "மாமா, வீட்டுல நாய் ஒண்ணு இருக்குதுங்க. ரெண்டு வயசு. கொஞ்சம் கடிக்குது. உங்க தோட்டத்துல விட்டா ஓடியாடித் திரிஞ்சு சரியாப் போயிருமில்லீங்களா?"

கொஞ்சம் கடிக்கிறதுன்னா எத்தனை பேரைன்னு கேட்டேன். மூணு பேர். அதுல ஒருத்தர் அவரோட அம்மா. என்ன செஞ்சு பார்த்தீங்கன்னு கேட்டதுக்கு, "டிவியில செய்யறதையெல்லாம் செஞ்சு பார்த்தாச்சுங்க மாமா. கழுத்துல குத்தறது, கீழ தள்ளி அமுக்கிப் புடிக்கிறது, எல்லாமே"ன்னார்.

முடியாதுன்னுட்டேன். காரணத்தைப் பொறுமையாச் சொல்ல வரலை, கோவம் முந்திக்கிச்சு. அந்தக் கோவத்துல பாதி அவர் மேல, பாதி என் மேலயே.

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன். வெள்ளகோவில் பக்கம் நாலு ஏக்கர் பூமி, ஒரு கொரங்காடு. கொரங்காடுன்னா மேய்ச்சல் நிலம், சுத்தியும் கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப்புல்லும் நாலஞ்சு வெள்ளவேல மரமும். இருபத்தஞ்சு மேச்சேரி ஆடு, ரெண்டு மாடு. ஐம்பத்தாறு வயசாகுது, நாய் இல்லாத நாள்னு ஒண்ணு எங்க வீட்டுல இருந்ததில்லை. அப்படிப்பட்ட நானே ஒரு டிவி நிகழ்ச்சியைப் பார்த்து ஏமாந்தேன். அதைத்தான் சொல்ல வர்றேன்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி ஐப்பசி மாசம், என் வீட்டுக்காரியோட தங்கச்சி பையன் பெங்களூர்ல இருந்து கார்ல ஒரு அல்சேசன் நாயைக் கொண்டாந்தான். பேர் புரூனோ. நாப்பது நாள் குட்டியா வாங்கி, ஏழாவது மாடி வீட்டுல வளர்த்தது. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா காலையில ஒன்பதுல இருந்து ராத்திரி ஏழு வரைக்கும் நாய் பால்கனியில தனியா கிடக்கும். ஒண்ணரை வயசுல வீட்டு வேலைக்கு வர்ற அம்மாவைக் கடிச்சிருக்கு. அப்புறம் சோத்துத் தட்டைத் தள்ளி வெச்ச அவன் மாமியாரை. "பெரியப்பா, இதை எப்படிக் கையாளணும்னு நான் காட்டறேன் பாருங்க"ன்னு வாசல்லயே செஞ்சு காட்டினான். ட்ஸ்ஸ்னு ஒரு சத்தம். ரெண்டு விரலை வளைச்சுக் கழுத்துல ஒரு குத்து. அதுக்கும் அடங்கலைன்னா ஒருக்களிச்சுப் படுக்கப் போட்டு, அது உடம்பு தளர்ற வரைக்கும் அமுக்கிப் புடிக்கணும். "யாரு தலைவன்னு அதுக்குத் தெரியணும் பெரியப்பா."

இது எங்க இருந்து வந்ததுன்னு உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். சீசர் மிலன்னு ஒருத்தர். மெக்சிகோவுல பிறந்தவர், தாத்தா பண்ணையில நாய்களோட வளர்ந்து, அமெரிக்காவுக்குப் போய்ப் பெரிய ஆளானவர். நேஷனல் ஜியாகிரபிக் சேனல்ல 2004ல இருந்து 2012 வரைக்கும் 'டாக் விஸ்பரர்'னு நிகழ்ச்சி நடத்தினார். பையன் போனதுக்கப்புறம் நானும் ராத்திரியில போன்ல ஒவ்வொண்ணாப் பார்த்தேன். பொய் சொல்லலை, எனக்கு அந்த ஆளைப் பிடிச்சிருந்தது. நாய் பக்கத்துல அவர் நிக்கிற நிதானம் எங்கப்பா காளைகிட்ட நிக்கிற மாதிரியே இருந்தது. நாய்க்கு முதல்ல நடை வேணும், அப்புறம் கட்டுப்பாடு வேணும், கொஞ்சறது கடைசியிலன்னு அவர் சொல்றதுல எனக்கு இன்னைக்கும் சண்டை இல்லை. கயித்தை இழுத்துட்டு ஓடற நாய், சோபாவைக் கடிக்கிற நாய், வர்றவங்க மேல தாவற நாய், இதுக்கெல்லாம் அவர் சொல்றதுல பாதி உதவும். கடிக்கிற நாய்ங்கறது வேற சரக்கு.

பையன் விட்டுட்டுப் போன மறுநாளே ஆரம்பிச்சேன். சோத்துத் தட்டு பக்கம் நான் நடந்தா புரூனோ உறுமும். கழுத்துல குத்துவேன். முறைச்சுப் பார்ப்பேன். ரெண்டு தடவை கீழ போட்டு அமுக்கவும் செஞ்சேன். கொழுத்த கிடாயைப் புடிச்சுப் பழகின கை, எனக்கு அது சிரமமே இல்லை. ரெண்டாவது தடவை அது அசையாம விறைச்சுக் கிடந்துச்சு, மூச்சு மட்டும் வேகமா வந்துச்சு. அடங்கிருச்சுன்னு நினைச்சேன்.

மூணே வாரம். உறுமறது சுத்தமா நின்னு போச்சு. பெங்களூருக்குப் போன் போட்டு, "கண்ணு, உன்ற நாயைத் திருத்திப்புட்டேன்"ன்னு பெருமையாச் சொன்னேன்.

தை மாசம் சோளத்தட்டு அறுப்பு. அஞ்சாறு பேர் வந்திருந்தாங்க. நாயைக் கட்டி வைக்கிறதையே நான் விட்டிருந்தேன், திருந்தின நாய்தானேன்னு. மத்தியானம் ஒரு அக்கா தூக்குப்போசியோட கட்டுத்தரை ஓரமா நடந்து வந்தாங்க. புரூனோ தட்டுக்குப் பக்கத்துல படுத்திருந்துச்சு. ஒரு சத்தமில்லை. பல்லைக் காட்டலை. எந்திரிச்ச வேகத்துல முழங்கைக்குக் கீழ புடிச்சிருச்சு. நான் வாளித் தண்ணியை அது மூஞ்சியில ஊத்தித்தான் விடுவிச்சேன்.

மோட்டாரைப் போட்டு, தொட்டியில விழற தண்ணியிலயே சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவினோம். (இதை எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்குங்க. மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. சோப்பு, ஓடற தண்ணி, பதினஞ்சு நிமிசம், உடனே ஆஸ்பத்திரி.) ஆழமான கடி, அதனால புண்ணைச் சுத்தி இம்யூனோகுளோபுலின் ஊசி, அப்புறம் தடுப்பூசி அன்னைக்கு ஒண்ணு, மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். நாலு தடவையும் என் வண்டியிலதான் போனோம். நாய்க்கு ஊசி போட்டிருந்ததுங்கறது ஒரு ஆறுதல், அவ்வளவுதான். ஒன்றரை மாசம் அவங்களால அரிவாள் புடிக்க முடியலை. அந்த நாள் கூலியைக் குடுத்தேன், அது பெரிய காரியமில்லை.

ஏழாம் நாள் ஊசிக்குப் போயிட்டு வர்றப்ப வண்டியில பின்னாடி உக்காந்துட்டு அவங்க சொன்னது இன்னும் என் காதுல இருக்கு. "ஏனுங்க, முன்னாடியெல்லாம் அது உறுமுங்களே. அன்னைக்கு ஒரு சத்தம் போட்டிருந்தா நான் சுத்திப் போயிருப்பனுங்க."

அந்தச் சத்தத்தை எடுத்தவன் நான்தான்.

மோட்டார் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொன்னா உடனே புரியும். லோடு ஜாஸ்தியானா ஸ்டார்ட்டர்ல ரிலே ட்ரிப் ஆகும். சும்மா சும்மா ட்ரிப் ஆகுதேன்னு சில பேர் ரிலேயில குச்சியைச் சொருகிக் கட்டி வெச்சுருவாங்க. அப்புறம் ட்ரிப்பே ஆகாது, மோட்டார் பிரமாதமா ஓடும். ஒருநாள் காயில் கருகிப் புகை வரும். நாய் உறுமறது அந்த ரிலே. அதுக்குப் பயமோ வலியோ கோவமோ உள்ள இருக்குன்னு அது வெளியே சொல்ற ஒரே பாஷை. சொன்னா குத்து விழுதுன்னு தெரிஞ்சா சொல்றதைத்தான் நிறுத்தும். உள்ள இருக்கிறது அப்படியேதான் இருக்கும்.

கடிக்கப்புறம்தான் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். முதல்லயே போயிருக்கணும். வாயைக் கட்டி, மயக்கம் குடுத்துப் பார்த்த டாக்டர், ஒரு காதுல உள்ள ஆழமாப் புண்ணு, சீழ் வெச்சிருக்குன்னார். எத்தனை மாசமா இருந்துச்சோ. அந்தக் காதுக்கு அரை சாண் கீழதான் நான் தினமும் குத்திக்கிட்டு இருந்திருக்கேன். இன்னொண்ணும் சொன்னார். குட்டிக்கு மூணாவது வாரத்துல இருந்து பதிமூணு பதினாலு வாரத்துக்குள்ளதான் மனுசங்க, சத்தம், வண்டி, மத்த நாய் எல்லாம் பழகணுமாம். இது அந்த வயசுல பால்கனியைத் தவிர ஒண்ணையும் பார்க்கலை.

தலைவன் கதையையும் அவர்கிட்டயே கேட்டேன். சிரிச்சார். அவர் சொன்னதையும், அப்புறம் என் மகள் இங்கிலீஷ்ல படிச்சு எனக்கு விளக்கினதையும் சேர்த்துச் சொல்றேன்.

1947ல ருடால்ப் ஷென்கெல்னு சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஒருத்தர் பாசல் மிருகக்காட்சிசாலையில கூண்டுல இருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதினார், அதுங்க தலைமைக்குச் சண்டை போடுதுன்னு. டேவிட் மெக்னு ஒரு அமெரிக்கர் 1970ல எழுதின ஓநாய் புத்தகம் அந்தத் தலைவன் கருத்தை உலகம் பூரா பரப்புச்சு. பின்னாடி அதே மெக், கனடாவோட வட கோடியில எல்ஸ்மியர் தீவுல காட்டு ஓநாய்களோட வருசக்கணக்கா இருந்து பார்த்துட்டு, கூட்டம்ங்கறது அப்பா, அம்மா, பிள்ளைங்க, அவ்வளவுதான்னு 1999ல எழுதினார். தன்னோட பழைய புத்தகத்தை இனி அச்சடிக்காதீங்கன்னு பதிப்பகத்தாரையே கேட்டுக்கிட்டார். எனக்கு இதுல ஆச்சரியமே இல்லை. நாலு சந்தையில வாங்கின நாலு கிடாயை ஒரே பட்டியில அடைச்சா முட்டிக்கிட்டு மண்டை உடையும். அதைப் பார்த்துட்டு ஆட்டோட குணமே இதுதான்னு ஒருத்தன் புத்தகம் எழுதினா எப்படி இருக்கும்? அடைச்சவனோட குணம்யா அது.

கீழ போட்டு அமுக்கற வித்தை இருக்கே, அதை ஊர் ஊராப் பரப்பினது நியூயார்க் மாநிலத்துல அல்சேசன் வளர்க்கிற நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள், 1978ல எழுதின புத்தகத்துல. அவங்களே பிற்பாடு அதைச் செய்யாதீங்கன்னு திருத்தி எழுதிட்டாங்க. கண்டுபிடிச்சவன் கைவிட்டதை நாம பெங்களூர்ல புடிச்சுத் தொங்கிட்டு இருக்கோம்.

கணக்கும் இருக்கு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து கால்நடை மருத்துவர்கள் 2009ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. குணக்கேடுன்னு தங்ககிட்டக் கொண்டு வந்த நாய்களோட சொந்தக்காரங்ககிட்ட, நீங்க என்னென்ன செஞ்சீங்க, நாய் திருப்பி என்ன செஞ்சதுன்னு கேட்டாங்க. அடிச்சவங்க, உதைச்சவங்கள்ல 43 சதவீதம் பேர் நாய் தங்க மேலயே சீறுச்சுன்னு சொன்னாங்க. கீழ போட்டு அமுக்கினதுல 31 சதவீதம். சும்மா முறைச்சுப் பார்த்ததுக்கே 30. மூணுல ஒருத்தர்! மீதி ரெண்டு பேர்ல என்னை மாதிரி ஆளுங்க எத்தனை பேரோ, நாய் அடங்கிருச்சுன்னு போன் பண்ணிப் பெருமை பேசினவங்க.

அந்த நிகழ்ச்சியிலயே சாட்சி இருக்கு. 2012ல ஹாலின்னு ஒரு லேப்ரடார். புரூனோ மாதிரியே சோத்துத் தட்டைக் காக்கற நாய், வீட்டுல சின்னக் குழந்தை வேற. அவர் கழுத்துல தட்டறார், முறைக்கிறார், பக்கத்துல பக்கத்துல போறார். நாய் பின்வாங்கிப் படுத்துருது. தணிஞ்சுருச்சுன்னு கையை நீட்டறார், கையைக் கவ்விருது. ரத்தம் வருது. சத்தத்தைக் குறைச்சு வெச்சுட்டு நாயை மட்டும் பாருங்க. உதட்டை நக்குது, தலையைத் திருப்புது, பின்னாடி நகருது, போதும் போதும்னு எத்தனை தடவை கெஞ்சுது. உலகத்துலயே பேர் பெற்ற ஆளுக்கே அது தெரியலைன்னா, ஐ.டி. கம்பெனியில வேலை முடிஞ்சு களைச்சு வர்ற நம்ம பையனுக்குத் தெரியுமா? அந்த நாயை அவர் வீட்டுல விட்டுட்டுப் போகலை, தன்னோட இடத்துக்கே கொண்டு போயிட்டார். கவனிச்சீங்களா? அந்த நிகழ்ச்சியில, வல்லுநரைக் கேட்காம இதை நீங்களா செய்யாதீங்கன்னு எழுத்தும் போடுவாங்க. அதை எவன் படிக்கிறான்.

பிஸ்கட் குடுத்தே எல்லாம் சரி பண்ணலாம்னு இன்னொரு கூட்டம் இருக்கு. குத்தறதுக்கு அது ஆயிரம் மடங்கு தேவலை, நான் இப்ப செய்யறதும் அந்த வழிதான். ஆனா அதையும் டிவியில ஒரு மணி நேரத்துல, நடுவுல விளம்பரம் போக நாப்பத்தஞ்சு நிமிசத்துல முடிச்சுக் காட்டறாங்க. முதல் காட்சியில பல்லைக் காட்டற நாய் கடைசிக் காட்சியில குழந்தை மடியில படுத்திருக்கும். நடுவுல எத்தனை வாரம், எத்தனை தடவை தோத்தாங்க, கேமரா போனதுக்கப்புறம் என்ன ஆச்சு, அதை யார் காட்டறா? விதை போட்ட மறு காட்சியில அறுவடை காட்டற உர விளம்பரம் மாதிரிதான் எனக்குத் தெரியுது.

புரூனோ கதைக்கு வர்றேன். காது ஆறினதும் தலையைத் தொட்டா திரும்பற பழக்கம் போச்சு. தட்டு விசயம் போகலை. ஊசி போட்டுத் தூங்க வைக்கிறதும் ஒரு வழின்னு டாக்டர் மறைக்காமச் சொன்னார். வீட்டுல கைக்குழந்தை இருந்திருந்தா நான் அதுக்கே ஒத்துக்கிட்டிருப்பேன். அப்படிச் செய்யறவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கு இடம் இருந்துச்சு. கம்பி வலை போட்டு ஒரு அறை கட்டினோம், ஒண்ணு திறந்தா இன்னொண்ணு மூடியிருக்கிற மாதிரி ரெண்டு கதவு. தட்டை கீழ சந்து வழியாத் தள்ளுவோம், அது தின்னு முடிச்சு நகர்ற வரைக்கும் யாரும் கிட்ட போறதில்லை. வெளியே நடக்கக் கூட்டிப் போனா கூடை மாதிரி வாய்க்கூடு, அதைப் போட்டுட்டே மூச்சு வாங்கலாம், தண்ணி குடிக்கலாம். எங்க ஊர்ல கண்ணுக்குட்டிக்கு வாய்க்கூடு போட்டா யாரும் சிரிக்க மாட்டாங்க, நாய்க்குப் போட்டா சிரிச்சாங்க. சிரிக்கட்டும்.

தினமும் தூரத்துல நின்னு அவிச்ச முட்டையில ஒரு துண்டை எறிஞ்சுட்டுத் திரும்பி வந்துருவேன். கிட்ட மனுசன் வந்தா தட்டு போகாது, முட்டைதான் வரும்னு அதுக்குத் தெரியணும். பத்து அடியில ஆரம்பிச்சு ஆறு அடிக்கு வர்றதுக்கு நாலு மாசம் ஆச்சு. ஒருநாள் ஆறடிக்கும் உள்ள அடி வெச்சேன், மெல்ல உறுமுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. என் வீட்டுக்காரி, "இதென்னங்க, நாய் உறுமறதுக்கு அழுவறீங்க"ன்னா. நான் பின்னாடி ரெண்டடி நகர்ந்துட்டேன்.

இன்னைக்கும் அதைத் திருந்தின நாய்னு சொல்ல மாட்டேன். கடிக்க வழியில்லாம பார்த்துக்கிற நாய்.

கிராமத்துக்காரங்க எல்லாம் நாய் விசயத்துல யோக்கியம்னு நான் சொல்ல வரலை. மிளகாப்பொடி போடறது, கழுத்துல தொண்டுக்கட்டை கட்டி விடறது, கல்லால அடிச்சு காலை ஒடிக்கிறது எல்லாம் எங்க பக்கம் நடக்கறதுதான். ஆனா எங்கப்பா காலத்துல ஒண்ணு இருந்துச்சு. எங்க பட்டி நாய் கடிக்கும்னா ஊருக்கே தெரியும். பகல்ல கட்டிக் கிடக்கும், ராத்திரி பட்டி சாத்தினப்புறம்தான் அவுத்து விடுவாங்க. வர்றவங்க கடவுக்கு வெளியே நின்னு, "நாய் கட்டியிருக்குதுங்களா?"ன்னு ஒரு குரல் குடுத்துட்டுத்தான் உள்ள காலை வைப்பாங்க. அது உறுமினா, உறுமுது ஒதுங்குன்னு சொல்லி எங்களை வளர்த்தாங்க. யாரும் அதுகிட்ட போய் நான்தான் தலைவன்னு நிரூபிச்சதில்லை.

சரி, தோட்டத்துல விட்டா சரியாயிரும்னு சொல்றீங்களே, அந்தப் பேச்சுக்கு வர்றேன். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் சுத்துவட்டாரத்துல நாய்ங்க பட்டிக்குள்ள புகுந்து ஆடுகளைக் கடிச்சுப் போட்டதையும், விவசாயிங்க செத்த ஆட்டைப் போட்டுட்டு ரோட்டுல உக்காந்து நியாயம் கேட்டதையும் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. அந்த நாய்ங்கள்ல எத்தனை இங்கயே பிறந்தது, எத்தனை கார்ல வந்து இறங்கினது, எனக்குத் தெரியாது. கழுத்துப் பட்டையோட பைபாஸ் ஓரம் நின்னுட்டு ஒவ்வொரு வெள்ளைக் காரையும் பார்த்து ஓடற நாயை நானே பார்த்திருக்கேன். உங்க வரவேற்பறையில கடிக்கிற நாய் எங்க வயல்ல கடிக்காதா? இங்க சோளம் அறுக்கறவங்களுக்கும் கைதான் இருக்கு. அந்தக் கையாலதான் அவங்க சாப்பிடறாங்க.

2024 மே மாசம் சென்னையில, ஆயிரம் விளக்கு பக்கம் பூங்காவுல காவலாளியோட அஞ்சு வயசுக் குழந்தையை ரெண்டு ராட்வீலர் கடிச்சப்போ எல்லாரும் எந்த ஜாதி நாயைத் தடை பண்ணலாம்னு பேசினாங்க. ஜாதியைப் பத்திப் பேசினது போதும். வாய்க்கூடு இருந்துச்சா, கயிறு யார் கையில இருந்துச்சுன்னு கேளுங்க.

திருப்பூர் மாப்பிள்ளைக்கு மறுநாள் நானே போன் பண்ணினேன். குத்தறதை இன்னைக்கே நிறுத்துங்க, முதல்ல கால்நடை டாக்டர்கிட்டக் காட்டுங்க, பல்லு, காது, மூட்டு எல்லாம் பார்க்கச் சொல்லுங்க, வாய்க்கூடு ஒண்ணு வாங்குங்க, சாப்பிடறப்போ கதவைச் சாத்துங்க, அம்மாவைத் தட்டுப் பக்கம் விடாதீங்கன்னேன். "எத்தனை நாள் ஆகும் மாமா?"ன்னார். எனக்குப் பதினாலு மாசம் ஆச்சு, இன்னும் முடியலைன்னேன். சரிங்க மாமான்னு வெச்சுட்டார். நாயை வேற யாரோட தோட்டத்துக்காவது கேட்பார்னுதான் நினைக்கிறேன்.

அந்த அக்கா இப்பவும் வேலைக்கு வர்றாங்க. நாய் ரெண்டு கதவுக்கு உள்ள இருக்குன்னு தெரிஞ்சும் கட்டுத்தரைப் பக்கம் வர்றதில்லை, வாய்க்கால் மேட்டைச் சுத்தித்தான் வருவாங்க. அதனால கிழக்கு வேலியில அவங்களுக்குன்னு ஒரு படல் வெச்சிருக்கேன்.